பிரியாணிக் கடை சர்வரில் ஒரு டயாலிசிஸ் வேன்

நோன்பு மாதத்து ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் அது. ஈப்போ புந்தோங்கில் ஜமால் பாய் கடையின் சமையல்கட்டு மூலையில், வெங்காய மூட்டைகளுக்கு நடுவே மடிக்கணினியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெரிய அண்டாவில் நோன்புக் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. இஞ்சியும் ரம்பை இலையும் சேர்ந்த ஆவி கண்ணாடியில் படிய, நான் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டேன்.

கடைத் தொலைபேசி அடித்தது. பாய் எடுத்துக் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் மாறியது. தொலைபேசியின் பேசும் பக்கத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“மகேஸ், ஆர்டர் பக்கம் கஸ்டமர விரட்டுதாம்லா.”

“விரட்டுதா?”

“‘பல முறை முயன்றுவிட்டீர்கள், பிறகு வாருங்கள்’னு சொல்லுதாம். இவரு இப்பத்தான் முதல் தடவையாத் தொறக்குறாரு.”

அந்த அழைப்பு முடிவதற்குள் அவருடைய கைப்பேசி அடித்தது. அதே புகார். அடுத்து அவர் மனைவியின் கைப்பேசி. நோன்பு திறக்க இன்னும் சில மணி நேரம்தான் இருந்தது. கடையில் ஒரு நாளில் வரும் ஆர்டரில் பாதிக்கு மேல் அந்த நேரத்தில்தான் வரும்.

அந்தக் கடையின் இணையப் பக்கத்தை எழுதியவள் நான். அன்று காலை அதை இடம் மாற்றி வைத்தவளும் நான்தான். ஏன் மாற்றினேன் என்று சொல்ல, என் அண்ணனிடமிருந்து தொடங்க வேண்டும்.

லாரியில் வந்த கணினி

‘கணினி வேலை என்றீர்களே, அதைப் பற்றி எழுதவே மாட்டேன் என்கிறீர்களே’ என்று இந்தப் பத்தியைப் படிக்கும் ஒரு வாசகி தஞ்சோங் மாலிமிலிருந்து கேட்டிருந்தார். அவருக்கும் சேர்த்துத்தான் இது.

எங்கள் குடும்பம் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் இருந்தது. பால்மரங்களை அழித்துச் செம்பனை வைத்தார்கள். பிறகு செம்பனையையும் அழித்து வீடு கட்டினார்கள். அந்த வீட்டு வரிசையின் கடைசியில்தான் என் அண்ணன் கணேசனும் பத்மா அண்ணியும் இன்றும் இருக்கிறார்கள்.

அண்ணன் லாரி ஓட்டினார். தெலுக் இந்தானில் செம்பனைக் குலை ஏற்றுவார். அறுவடைக் காலத்தில் பாரிட் புந்தாருக்குப் போய் நெல் மூட்டை ஏற்றுவார். ஒரு முறை தெலுக் இந்தானில் ஏதோ அலுவலகத்தில் கழித்துப் போட்ட கணினி ஒன்றைக் கேட்டு வாங்கி, தார்ப்பாயில் சுற்றி லாரியில் கொண்டுவந்தார். அப்போது நான் ஐந்தாம் பாரம் படித்துக்கொண்டிருந்தேன்.

“ஓடுமா ஓடாதானு தெரியல. ஓடலனா மேல பூ ஜாடி வச்சுக்க” என்றார்.

ஓடியது. சூடேறினால் அதன் பின்பக்கத்திலிருந்து செம்பனை எண்ணெய் வாடை வரும். அந்த வாடையோடுதான் நான் முதல் நிரல் எழுதினேன். இப்போது ஈப்போவில் டயர் விற்கும் ஒரு நிறுவனத்தில் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன்.

அண்ணனுக்கு முதலில் சர்க்கரை வந்தது. லாரி ஓட்டுபவர்கள் சாப்பிடும் நேரம் உங்களுக்குத் தெரியும், நேரமே கிடையாது. பிறகு சிறுநீரகம் போனது. செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள் ஈப்போவுக்கு வந்து டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். தொண்டு அமைப்பு ஒன்று வேன் விட்டிருந்தது. சேகர் என்பவர் ஓட்டுவார். விடிவதற்கு முன் பழைய தோட்டப் பக்கமெல்லாம் சுற்றி, நோயாளிகளை ஏற்றிக்கொண்டு வருவார்.

அந்த வேனில் ஒரு சிக்கல். யாராவது ஆஸ்பத்திரியில் படுத்திருப்பார்கள். அது தெரியாமல் வேன் அவர் வீட்டு வாசலில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும். அடுத்த வீட்டுக்காரர் ரோட்டோரம் பனியில் நிற்பார். புலனத்தில், அதாவது வாட்ஸ்அப்பில், குழு ஒன்று இருந்தது. ஆனால் ‘இன்றைக்கு வரவில்லை’ என்று ஒருவர் போட்டால், அதற்கு மேலே ரோஜாப் பூ போட்ட காலை வணக்கங்கள் வந்து விழுந்து அதை மூடிவிடும்.

ஆகவே நான் வேனுக்கென்று ஒரு சிறிய இணையப் பக்கம் எழுதினேன். நோயாளி ‘வருகிறேன்’ அல்லது ‘வரவில்லை’ என்று அழுத்தலாம். சேகர் அதைப் பார்த்து வண்டியை எடுக்கலாம். மையத்தில் இருப்பவர் நேரத்தை மாற்றினால், எல்லார் கைப்பேசிக்கும் தானாக அழைப்பு போகும்.

ஒரே முகவரி, மூன்று குடித்தனம்

பக்கம் எழுதினால் போதாது. அது இரவு பகலாக ஓட ஒரு கணினி வேண்டும். அதைத்தான் சர்வர் என்கிறோம்.

ஜமால் பாய் கடைக்காக ஏற்கெனவே ஒரு சின்ன சர்வரை வாடகைக்கு எடுத்து, ஆர்டர் பக்கத்தை அதில் ஓடவிட்டிருந்தேன். வேன் விஷயத்தைச் சொன்னதும் பாய் யோசிக்கவே இல்லை.

“அதான் ஒரு மெஷின் இருக்குல்ல? அதுலயே போட்டுக்க. என் பிரியாணி எவ்வளவு எடத்த அடைச்சிடப் போகுது?”

எங்கள் தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர் பக்கமும் அதில்தான் இருந்தது. ஆக ஒரே கணினியில் மூன்று குடித்தனம். வெளியிலிருந்து வருபவர்களுக்கு வழக்கமான வாசல் ஒன்றுதான். அது பாய் கடைக்கு. மற்ற இரண்டும் பக்கவாட்டுக் கதவுகள். அவற்றுக்குள் நுழைய, முகவரிக்குப் பின்னால் ஒரு முக்காற்புள்ளியும் நான்கு இலக்க எண்ணும் சேர்த்துத் தட்ட வேண்டும்.

வீட்டிலிருந்து திறப்பவர்களுக்குப் பிரச்சினை இல்லை. டயாலிசிஸ் மையத்தில்தான் பிரச்சினை. அங்கிருக்கும் கணினிகள் வழக்கமான வாசல் வழியாக மட்டுமே வெளியே போக முடியும். பாதுகாப்புக்காகப் பக்கவாட்டுக் கதவுகளையெல்லாம் அவர்கள் அடைத்திருந்தார்கள். அதில் தவறில்லை. நானாக இருந்தாலும் அடைத்திருப்பேன்.

மையத்தில் காலை நேரப் பொறுப்பு ரோசலின் சிஸ்டருக்கு. வேகமாக நடப்பார், வேகமாகப் பேசுவார். “வீட்ல நல்லாத் தொறக்குது மகேஸ். இங்க வந்து தொறந்தா வெள்ளையா நிக்குது” என்றார். அந்த எண்ணை மட்டும் திறந்துவிடச் சொல்லி மையத்துக்கு எழுதிக் கொடுத்தேன். பார்க்கிறோம் என்றார்கள்.

அந்தச் சனிக்கிழமை

அவர்கள் பார்த்து முடிப்பதற்குள் அந்தச் சனிக்கிழமை வந்துவிட்டது.

டயாலிசிஸுக்குச் சுத்திகரித்த தண்ணீர் நிறைய வேண்டும். அன்று சிஸ்டர் விடியும் முன் மையத்தைத் திறந்தபோது, தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் நின்றுபோயிருந்தது. பழுது பார்ப்பவர் வந்து சரிசெய்ய மதியம் ஆகிவிடும் என்றார்கள். காலையில் வர வேண்டியவர்களை மதியம் வரச் சொல்ல வேண்டும். சிஸ்டர் வேன் பக்கத்தைத் திறந்தார். வெள்ளையாக நின்றது.

உள்ளே அவர் கைப்பேசிக்கும் சிக்னல் கிடையாது. வாசலுக்கு ஓடிவந்து சேகரைக் கூப்பிட்டார். சேகர் அதற்குள் ஆட்களை ஏற்றிக்கொண்டு செம்பனைக் காட்டுப் பாதையில் இருந்தார். அங்கேயும் சிக்னல் கிடையாது.

வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். திரும்பக் கொண்டுபோய் விட்டு மறுபடியும் கூட்டிவர வேனுக்கு நேரமில்லை. நடைபாதை நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். சிஸ்டர் எல்லாருக்கும் பிஸ்கட் கொடுத்திருக்கிறார். ‘அப்பறம் சாப்பிடுறேன்’ என்று வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டவர் என் அண்ணன். இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு வந்த உடம்பு. சர்க்கரை இறங்கி, நாற்காலியிலிருந்து சரிந்து, புருவம் தரையில் பட்டுக் கிழிந்துவிட்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது தையல் போட்டு முடித்திருந்தார்கள். பக்கத்தில் இனிப்புத் தண்ணீர் இருந்தது.

“என்னாண்ணே இது?”

“ஒண்ணும் இல்லலா. லாரி கவுந்தப்ப கூட எனக்கு ஒரு கீறல் விழல. நாற்காலியிலேர்ந்து கவுந்து தையல் போட்டுக்கிட்டேன். வெளிய சொல்லிடாத.”

சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு குளியலறைக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன்.

வெளியே வந்தபோது ரோசலின் சிஸ்டர் காத்திருந்தார். அவர் கண்ணும் சிவந்திருந்தது.

“மெஷின் இன்னும் முழுசா சரியாகல மகேஸ். ஒரு சாமான் மாத்தணுமாம், அது வரல. இன்னிக்கி ஓட்டிடலாம். அடுத்த வாரம் மறுபடியும் ரோசாக் ஆகி நின்னுடலாம்னு சொல்றாங்க. எனக்கு அந்தப் பக்கம் இங்க தொறக்கணும்.”

அடுத்த வாரம் என்றால் செவ்வாய்க்கிழமை. நடுவில் இருந்தது ஒரே ஒரு ஞாயிறும் ஒரு திங்களும்.

முன்வாசலில் ஓர் ஆள்

வழி எனக்குத் தெரியும். வழக்கமான வாசலில் ஒரு நிரலை நிறுத்துவது. ரிவர்ஸ் ப்ராக்ஸி என்பார்கள். வருபவர்கள் எல்லாரும் அந்த ஒரே வாசலுக்குத்தான் வருவார்கள். யாரைத் தேடி வந்திருக்கிறார்கள் என்று பெயரைப் பார்த்து, அது உள்ளே போய்ச் சொல்லி, பதிலை வாங்கி வந்து கொடுக்கும். முக்காற்புள்ளியும் வேண்டாம், எண்ணும் வேண்டாம். மையத்துக் கணினியிலும் திறக்கும்.

ஆனால் அந்த வாசலில் இப்போது இருப்பது பாய் கடை. அதை உள்ளே நகர்த்தித்தான் புதிய நிரலை அங்கே நிறுத்த முடியும். அதுவும் நோன்பு மாதத்தில்.

சனிக்கிழமை மாலை கடைக்குப் போய்ச் சொன்னேன். அண்ணன் விழுந்ததையும் சொன்னேன். பாய் வடைக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார். கையைக்கூடக் கழுவாமல் உடனே சொன்னார்.

“நாளைக்குக் காலைல வா. நோன்பு நேரத்துல காலைல யாரு சோறு ஆர்டர் பண்ணப் போறா? இங்கயே உக்காந்து செய். நான் பக்கத்துல இருக்கேன்.”

“ஏதாச்சும் தப்பாப் போனா பாய்?”

“போகட்டும்லா. கணேசன் எப்புடி இருக்காரு, அதச் சொல்லு.”

ஞாயிறு காலை வேலை தொடங்கியது. எல்லாவற்றையும் நகல் எடுத்துவைத்துக்கொண்டேன். பாய் கடைப் பக்கத்தை நிறுத்தி, உள்ளே நகர்த்தி, முன்னால் புதிய நிரலை நிறுத்தினேன். பாயைத் திறந்து பார்க்கச் சொன்னேன்.

அவர் கைப்பேசியைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார். பிறகு தூரமாக வைத்துப் பார்த்தார்.

“யா அல்லாஹ்! எனக்கு கிட்னி நல்லாத்தான் இருக்கு மகேஸ்!”

திரையில், ‘இன்று டயாலிசிஸுக்கு வருகிறீர்களா?’ என்ற கேள்வி.

பாய் கடையின் பெயரில் ஓர் எழுத்தை விட்டிருந்தேன். யாரைத் தேடி வந்தார் என்று தெரியாதபோது, அந்த நிரல் முதலில் இருக்கும் வீட்டைக் காட்டிவிடும். முதலில் இருந்தது வேன். எழுத்தைச் சேர்த்தேன், பிரியாணி வந்தது. மூன்று பக்கங்களும் அதனதன் பெயரில் சரியாகத் திறந்தன. பாயின் மனைவி ஒரு பொய் ஆர்டர் போட்டுப் பார்த்தார், சமையல்கட்டில் மணி அடித்தது. சிஸ்டருக்கு அன்று விடுமுறை. ஆனாலும் பேருந்தில் மையத்துக்குப் போய், அங்கிருந்த கணினியில் திறந்து பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்.

“தொறக்குது மகேஸ்! கலரெல்லாம் வருது!”

முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஏதோ ஒரு தயக்கத்தில் மாலை வரை இருந்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்தேன். நல்லவேளை.

எல்லாரும் ஒரே ஆள்

மூன்று தொலைபேசிகள் அடித்த அந்தப் பிற்பகலுக்கு இப்போது வருகிறேன்.

பாயின் மனைவி ஒரு தொலைபேசியைப் பிடித்தார். பாய் இரண்டைப் பிடித்தார். பக்கம் எல்லாரையும் வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. பின்னால் அடுப்பு எரிகிறது, முதுகெல்லாம் வேர்வை.

“பாய், பழையபடி மாத்திடவா? ரெண்டே நிமிசம். எல்லாம் முன்னாடி மாதிரி ஆயிடும்.”

பாய் ஒரு தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“பழையபடி மாத்துனா சிஸ்டருக்குத் தொறக்குமா?”

“தொறக்காது.”

“அப்ப மாத்தாத.” சமையல்காரர்கள் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். “டேய், ரெண்டு பேரு இங்க வாங்க! பொட்டலம் மடிக்கிற பேப்பர எடுங்க. ஆர்டர போன்லயே எழுதுவோம். நம்ம அத்தா காலத்துல இப்படித்தான கட நடந்துச்சு!” பிறகு என்னிடம், மெதுவாக: “நீ பதறாம பாரு. எங்களால தாஹான் பண்ண முடியும், எவ்வளவு நேரம்னாலும் தாங்குவோம்.”

காலையிலிருந்து அவர் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்திருக்கவில்லை. உதடு காய்ந்திருந்தது. அந்த நிலையில் மூன்று தொலைபேசிகளுக்கு நடுவில் நின்று, ‘ஆட்டா, கோழியா? எத்தன பேருக்கு?’ என்று ஒவ்வொருவரிடமும் சிரித்த குரலில் கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் சர்வரின் பதிவுகளைத் திறந்தேன். வந்தவர் ஒவ்வொருவரும் எந்த முகவரியிலிருந்து வந்தார் என்று வரி வரியாக அதில் இருக்கும். மேலிருந்து கீழே பார்த்தேன். எல்லா வரியிலும் ஒரே முகவரி. அதுவும் எங்கள் சர்வரின் சொந்த முகவரி.

புரிந்துவிட்டது.

அதற்கு முந்தின ஆண்டு யாரோ ஒருவர் ஒரே இடத்திலிருந்து பொய் ஆர்டராகப் போட்டுத் தள்ளினார். அவ்வளவு சோறும் வீணாயிற்று. அதனால் ஒரு காவல் போட்டிருந்தேன்: ஒரே முகவரியிலிருந்து அடுத்தடுத்து நிறைய ஆர்டர் வந்தால், அந்த முகவரியைக் கொஞ்ச நேரம் தடுத்துவிடு. அப்போதெல்லாம் வாடிக்கையாளர்கள் நேராகப் பாய் கடைக் கதவைத் தட்டினார்கள். இப்போது முன்னால் நிற்கும் நிரல்தான் எல்லாருக்காகவும் போய்த் தட்டுகிறது. கடைப் பக்கத்துக்கு ஈப்போ முழுவதும் ஒரே ஆளாகத் தெரிந்தது. ஒரே ஆள் விடாமல் பிரியாணி கேட்கிறான் என்று அது கதவைச் சாத்திவிட்டது. காலையில் ஒருவர் இருவராகத் திறந்து பார்த்தபோது இது தெரியவில்லை.

பாயிடம் சொன்னேன்.

“அந்தக் காவல எடுத்துட்டா?”

“இப்பவே ஓடும் பாய். ஆனா போன வருசம் மாதிரி எவனாச்சும் பொய் ஆர்டர் போட்டா?”

“வேணாம் வேணாம். நோன்பு நேரத்துல சோறு குப்பைக்குப் போனா பாவம்லா. முறையாவே செய்.”

முறையாகச் செய்வது என்றால் இரண்டு இடத்தில் கைவைக்க வேண்டும். முன்னால் நிற்கும் நிரல் உள்ளே போகும்போது, வந்தவரின் உண்மையான முகவரியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கடைப் பக்கம் அதை நம்ப வேண்டும். அதுவும் அந்த நிரல் சொன்னால் மட்டும் நம்ப வேண்டும். இல்லாவிட்டால் எவன் வேண்டுமானாலும் பொய் முகவரி சொல்லிக்கொண்டு உள்ளே வந்துவிடுவான்.

வரிகள் கொஞ்சம்தான். ஆனால் பக்கத்தில் தொலைபேசி அடித்துக்கொண்டே இருக்கும்போது ஒரு வரியை இரண்டு முறை படித்தாலும் மண்டையில் ஏறாது. கடைசியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, வாய்விட்டுப் படித்துக்கொண்டே தட்டினேன். சேமித்தேன். நிரலைத் திரும்ப ஓடவிட்டேன்.

பதிவில் ஒரு வரி வந்தது. புது முகவரி. அடுத்த வரி, வேறொரு முகவரி. அதற்கடுத்து இன்னொன்று. ஈப்போ மறுபடியும் பல பேராகப் பிரிந்தது.

சமையல்கட்டு மணி அடித்தது. பிறகு அது நிற்கவே இல்லை.

பாய் தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தார். கட்டைவிரலை மட்டும் உயர்த்திக் காட்டினார். பாங்கு ஒலித்தபோது ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டு, ஒரு குவளைத் தண்ணீரையும் குடித்துவிட்டுத்தான் அவருக்குக் குரல் வந்தது.

“மகேஸுக்கு முதல்ல கஞ்சி ஊத்துங்க. காலைலேர்ந்து அதுவும் ஒண்ணும் சாப்புடல.”

அது எனக்கே அப்போதுதான் உறைத்தது.

செவ்வாய்க்கிழமை

தண்ணீர் இயந்திரம் செவ்வாய்க்கிழமை மறுபடியும் நின்றது.

எனக்கு அது அலுவலகத்துக்கு வந்த பிறகுதான் தெரியும். என் மேசையில் உட்கார்ந்து வழக்கம்போல வேன் பக்கத்தைத் திறந்தேன். மேலே மஞ்சள் பட்டையில், ‘காலை நேரம் மதியத்துக்கு மாற்றப்பட்டது’ என்றிருந்தது. கீழே நோயாளிகளின் பெயர்கள். ஒவ்வொன்றின் அருகிலும், அழைப்பை எடுத்துக் கேட்டுவிட்டார் என்பதற்கான பச்சைப் புள்ளி. சிஸ்டர் மையத்திலிருந்து அழுத்தியிருக்கிறார். சேகர் வண்டியையே எடுக்கவில்லை.

அண்ணன் பெயர் அருகிலும் பச்சை இருந்தது. இருந்தாலும் மனம் கேட்கவில்லை. கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன். அப்போதும் எடுக்கவில்லை. நடைபாதை நாற்காலியும் புருவத்துத் தையலும் கண்முன் வந்தன. பத்மா அண்ணியைக் கூப்பிட்டேன்.

“அண்ணி, அண்ணன் ஏன் போன எடுக்க மாட்டேங்குறாரு? கிளம்பி வந்துட்டாரா?”

“எங்க கிளம்புறது? தூங்குறாருலா.” அண்ணி குரலைத் தணித்துப் பேசினார். “விடியக்காலைல போன் வந்துச்சு. நீ பேசிப் பதிஞ்சு வச்சியாமே, ‘இன்று காலை வர வேண்டாம், மதியம் வாருங்கள்’னு. அது நீயேதான்னு நெனச்சு, ‘சரி மகேஸ், நீ போயித் தூங்கு’னு அதுக்குப் பதில் சொன்னாரு. அப்பறம் எழுந்து ரெண்டு தோசை சாப்புட்டுட்டுத் திரும்பப் படுத்தவருதான். நல்லாக் கொறட்ட விடுறாரு. எழுப்பவா?”

“வேணாம் அண்ணி” என்றேன். “தூங்கட்டும்.”